கைவிளையாட்டுப் பெட்டியின் வரலாறு

திருவிழாக் காலங்களிலே கோயில் வீதியில் கச்சான் கடைகளை அடுத்து விளையாட்டுப் பொருட் கடைகள் வரிசையாக இருக்கும். நாம் சிறுவராயிருந்த காலத்தில் அக்கடைகளில் அம்மம்மாக் குழலுக்கும் காற்றாடிக்கும் நடுவே உள்ளங்கையளவான பிளாத்திக்குப் பெட்டியொன்றும் தொங்கும். உலர்மின்கலங்களை இட்டு ஆளியை அழுத்தினால் அதன் சாம்பனிறத் திரையிலே கறுப்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக வீழும். அவற்றை இடைவெளியின்றி அடுக்குதலே விளையாட்டு. பரீட்சைக் காலத்தில் அப்பெட்டி அலுமாரிக்குள் பூட்டப்பட்டமையும், திறப்பு இருக்குமிடத்தை நாம் அறிந்திருந்தமையும் எம் தலைமுறையினர் பலருக்குப் பொதுவான கதையாகும்.

அப்பெட்டியை ஆக்கியவர் யாரென்பது அதன்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அதன் குலமுறையைத் தேடிச் செல்வோமாயின் யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவையும், அங்கே சீட்டுக்கட்டுச் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையையும், அத்தொழிற்சாலையின் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட ஓர் இளைஞரையும் சென்றடைவோம். அவ்விளைஞரின் பெயர் குன்பெய் யொக்கோய். மன்னர்களதும் தளபதிகளதும் பெயர்களை மனனஞ் செய்த எமக்கு வரலாற்றுப் பாடத்திலே இப்பெயர் எங்கும் எதிர்ப்படவில்லை. ஆயினும் உலகத்துச் சிறுவர் பல கோடியினரின் மாலைப்பொழுதுகளை ஆண்டவர் அவர்.

நிண்டெண்டோ எனும் தாபனம் 1889 ஆம் ஆண்டில் புசஜிரோ யமவுச்சி என்பவரால் கியோத்தோவிலே தொடங்கப்பட்டது. பன்னிரண்டு மாதங்களுக்குமுரிய மலர்களையும் செடிகளையும் தீட்டிய 48 சீட்டுகள் கொண்ட ‘ஹனபுடா’ என்னும் கட்டுகளைச் செய்வதே அதன் தொழில். 1949 இல் தாபகரின் கொள்ளுப்பேரனாகிய ஹிரோஷி யமவுச்சி, படிப்பை இடையில் நிறுத்தி, இருபத்திரண்டு வயதளவில் தலைமையை ஏற்றார். கண்டிப்பானவர், ஆனால் எது விலைபோகும் என்பதை முகர்ந்தறியும் மூக்குடையவர்.

யொக்கோய் 1941 இல் கியோத்தோவிலே பிறந்தவர். அந்நகரத்துத் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் பயின்றார். அமெரிக்கா சென்று கற்றுத் திரும்பிய நீஷிமா ஜோ என்னும் கிறித்தவர் 1875 இல் நிறுவிய கலாசாலையின் வழிவந்தது அது. மிஷன் பாடசாலையின் மணியோசை கேட்டு வளர்ந்த எமக்கு இச்செய்தி சற்று உவப்பாயிருந்தது என்பதை மறைக்கவில்லை. பட்டம் பெற்றவர் பெரிய மின்பொருட் கம்பனிகளிலே வேலை தேடினார், கிடைக்கவில்லை. 1965 இல், வீட்டுக்கு அண்மையில் இருந்த சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையிலே யந்திரங்களைப் பராமரிக்கும் வேலையிற் சேர்ந்தார். யந்திரங்கள் ஒழுங்காக ஓடின. ஆகவே அவருக்குச் செய்வதற்கு அதிகமில்லை. வேலையற்ற வேளையிலே, குறுக்கும் நெடுக்குமாக இணைத்த சட்டங்களாலான ஒரு நீளுங் கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். பிடியை அழுத்தினால் அது கத்தரிக்கோல்போல் விரிந்து தூரத்திலிருக்கும் பொருளைப் பற்றும். இதனை முதலாளி கண்டுவிட்டார். ஏச்சு விழும் என்றெண்ணி அறைக்குட் சென்ற யொக்கோயிடம், அதனை விற்பனைக்குரிய பொருளாக ஆக்கித் தருமாறு யமவுச்சி கூறினார். 1966 இல் ‘அல்ட்ரா ஹாண்ட்’ என்ற பெயருடன் வெளிவந்த அப்பொருள் 12 இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று.

அதன்பின் வந்தவற்றுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1969 இல் வெளிவந்த அதன் பெயர் ‘லவ் டெஸ்டர்’, அதாவது அன்புமானி. இருவர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, மற்றக் கைகளில் ஆளுக்கொரு உலோகக் குமிழைப் பிடிக்க, அவர்களது அன்பின் அளவை முள் காட்டும் என்பது விளம்பரம். விஞ்ஞானம் பயின்ற மாணவர் எவரும் இதன் உட்பொருளை எளிதிற் காண்பர். இருவர் உடலினூடாகவும் மிகச் சிறிய மின்னோட்டம் செல்கிறது. உள்ளங்கை வியர்த்தால் தோலின் தடை குறையும்; தடை குறைய ஓட்டம் கூடும்; கல்வனோமானியின் முள் ஏறும். ஆய்கூடத்திலே தூசு படிந்து கிடக்கும் கருவிக்கு ஓர் அலங்காரப் பெட்டி, அவ்வளவே. பெண்களின் கையைப் பற்றுதற்கு ஒரு சாக்கு வேண்டியே இதனைச் செய்ததாகப் பின்னாளில் யொக்கோயே கூறியிருக்கிறார். (பத்திராதிபர் இவ்வாக்கியத்தை நீக்காதிருப்பாராக!) நிண்டெண்டோவின் முதலாவது இலத்திரனியல் விளையாட்டுப் பொருள் இதுவேயாம்.

இவ்விடத்திலேதான் அவரது கொள்கையின் வித்து இருக்கிறது. அதனை யப்பானிய மொழியில் அவர் ‘கரேத்த கிஜுட்சு நொ சுயிஹெய் ஷிகோ’ என்றழைத்தார். ‘கரேத்த’ என்பது உலர்ந்த, வாடிய எனப் பொருள்படும். யாவரும் அறிந்து, குறைகளெல்லாம் களையப்பட்டு, விலையும் இறங்கிவிட்ட தொழினுட்பத்தையே அச்சொல் இங்கு குறிக்கிறது. அதனை அது பிறந்த வேலைக்கே மீளவும் பயன்படுத்தாமல், பக்கவாட்டிலே நகர்த்தி வேறொரு வேலைக்கு இடுதல் என்பதே கொள்கை. புதுமை என்பது புதிய பொருளிலன்று, புதிய பயனிலேயே உள்ளது என்று அவர் கருதினார். 1970 இல், ஷார்ப் கம்பனியின் ஒளியுணர் கலத்தைக் கொண்டு, ஒளியாற் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைச் செய்தார். அக்கலங்களை விற்க வந்த மசாயுகி உவெமுரா என்பவர் பின்னர் நிண்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983 இல் தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘ஃபமிகொம்’ கருவியை வடிவமைத்தார். 1972 இல் வந்த வானொலிக் கட்டுப்பாட்டு மோட்டார் வண்டியோ இடப்பக்கம் மட்டுமே திரும்பும்! இரு பக்கமும் திரும்பும் வண்டி அக்காலத்தில் பெருவிலையுடையது. ஓட்டப்பந்தயம் வட்டமாகத்தானே நடக்கிறது, இடப்பக்கம் போதும் என்பது அவர் கணக்கு. இதனைச் சிக்கனம் என்பதா, குறும்பு என்பதா என்று எமக்குத் தெரியவில்லை.

1973 இன் எண்ணெய் நெருக்கடி தாபனத்தையும் தாக்கியது. அவ்வாண்டிலே பெருஞ்செலவிற் கட்டிய ஒளித்துப்பாக்கிச் சுடுகளங்களுக்கான கட்டளைகள் கைவிடப்பட்டன. கடன் மலைபோற் குவிந்தது. அக்கடனைத் தீர்க்க உதவியது ஒரு புகையிரதப் பயணம்.

அதிவேகப் புகையிரதத்திலே சென்றுகொண்டிருந்த யொக்கோய், அலுவலகத்தாற் களைத்துத் திரும்பும் ஒருவர் தமது கணிப்பானின் பொத்தான்களைப் பொழுதுபோக்காக அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். வளர்ந்தவர்கள் பிறர் அறியாமல் கைக்குள் வைத்து விளையாடக்கூடிய ஒரு கருவி இருந்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. பின்னொரு நாள் முதலாளியின் சாரதி வராதபடியால், அவரது மோட்டார் வண்டியை ஓட்டும் பொறுப்பு யொக்கோய்மீது விழுந்தது. தாம் ஒரு பொறியியலாளர், சாரதியல்லர் என்ற மனக்குறையோடு, வெறுமனே மௌனமாகச் செல்லாமல், இவ்வெண்ணத்தை எடுத்துரைத்தார். முதலாளி தலையசைத்தாரேயன்றிப் பெரிதாக ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் யமவுச்சிக்கு அருகே அமர்ந்தவர் ஷார்ப் கம்பனியின் தலைவர். சில நாட்களில் ஷார்ப் கம்பனியார் நிண்டெண்டோவின் வாயிலில் வந்து நின்றனர்.

அவர்கள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1970 களில் கணிப்பான் உற்பத்தியாளரிடையே, சிறப்பாக ஷார்ப்புக்கும் காசியோவுக்குமிடையே, கடும் போட்டி நிகழ்ந்தது. விலை சரிந்தது, கணிப்பான் மெலிந்து அட்டையளவாயிற்று, திரவப் பளிங்குத் திரைகளும் சிறு சில்லுகளும் மலிந்து, அவற்றுக்குப் புதிய வழியொன்று தேவையாயிற்று. யொக்கோய் அவ்வழியைக் காட்டினார். கணிப்பானிலே ஏழு சிறு கோடுகள் தோன்றியும் மறைந்தும் இலக்கங்களை ஆக்குவதை நாம் அறிவோம். அக்கோடுகளுக்குப் பதிலாகக் கை, கால், பந்து என உருவங்களை வைத்தால், அவை மாறி மாறித் தோன்றும்போது மனிதன் அசைவதாகக் கண் கொள்ளும். இலக்கங் காட்டிய திரை இவ்வாறு பந்தாட்டங் காட்டும் திரையாயிற்று. 1980 ஏப்பிரலில் 5,800 யென் விலையில் வெளிவந்த ‘கேம் அண்ட் வொச்’ வரிசையின் முதற் கருவியின் பெயர் ‘பந்து’. நேரங்காட்டும் கடிகாரமும் அதனுள் இருந்தது. 1991 வரை அவ்வரிசையில் நாலு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. 1982 இல் வந்த அவ்வரிசைக் கருவியொன்றிற் கட்டைவிரலால் நான்கு திசையும் அழுத்தக்கூடிய சிலுவை வடிவப் பொத்தானை யொக்கோய் வைத்தார். இன்று எந்நாட்டு விளையாட்டுக் கருவியைக் கையிலெடுத்தாலும் அப்பொத்தானோ அதன் வழிவந்த ஒன்றோ இடது கட்டைவிரலின்கீழ் இருக்கும்.

1989 ஏப்பிரல் 21 ஆம் நாள் யப்பானிலும், யூலை 31 ஆம் நாள் அமெரிக்காவிலும் ‘கேம் போய்’ வெளியாயிற்று. அதனை முதலிற் பார்த்தவர் எவரும் வியந்திருக்க நியாயமில்லை. திரை பச்சை கலந்த மங்கல். வர்ணமில்லை, நான்கு சாயல்கள் மட்டுமே. இருட்டில் ஒன்றுந் தெரியாது. உள்ளிருந்த மூளையோ 1970 களிற் பிறந்த சில்லுகளின் வழிவந்தது. அதே ஆண்டில் அட்டாரி கம்பனியார் ‘லிங்ஸ்’ எனும் கருவியை வர்ணத் திரையோடும் பின்னொளியோடும் கொணர்ந்தனர். அடுத்த ஆண்டில் சேகா கம்பனியாரின் ‘கேம் கியர்’ வந்தது, அதுவும் வர்ணமே. அழகிலே போட்டி வைத்தால் கேம் போய் கடைசியாகத்தான் வந்திருக்கும்.

ஆயினும் வென்றது அதுவே. காரணம் மின்கலம். வர்ணக் கருவிகள் இரண்டும் ஆறு மின்கலங்களை இட்டால் நாலைந்து மணித்தியாலங்களில் உறிஞ்சி முடித்துவிடும். கேம் போய் நான்கு மின்கலங்களுடன் பத்து மணித்தியாலங்களுக்கு மேலாக உழைக்கும். விலையும் அமெரிக்காவில் லிங்ஸின் ஏறக்குறையப் பாதி. மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984 இல் இயற்றிய ‘டெற்றிஸ்’, அதாவது நாம் முன்னர் கூறிய கட்டை அடுக்கும் விளையாட்டு, அமெரிக்காவில் அதனுடனேயே கொடுக்கப்பட்டது. திருவிழாக் கடைப் பெட்டியின் பாட்டன் இவ்வாறு பிறந்தான். கேம் போயும் அதன் வர்ண வடிவமுமாகச் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. வளைகுடாப் போரில் குண்டுவீச்சிற் கருகி உருகிய ஒரு கேம் போய், நியூ யோர்க்கிலுள்ள நிண்டெண்டோ கடையிலே, இயங்கிய நிலையிற் பல்லாண்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

மின்கலத்தின் அருமையை எமது பெற்றோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கேம் போய் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே 1990 களிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. உலர்மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவினால் வானொலி கேட்டனர் என்று வீட்டிற் கூறக் கேட்டிருக்கிறோம். யொக்கோயின் கொள்கையை அவர்கள் அறியார். ஆயினும் உலர்ந்த கருவியைப் பக்கவாட்டில் நகர்த்துதல் என்பது இதுவன்றி வேறென்ன? கியோத்தோவிலே விளையாட்டாயிருந்தது இங்கே தேவையாயிருந்தது என்பதே வேறுபாடு.

யொக்கோயின் வீழ்ச்சியையும் கூறல் வேண்டும். 1995 யூலையில் ‘வேர்ச்சுவல் போய்’ வெளியாயிற்று. மேசைமேல் நிறுத்திய கருவிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தால், முப்பரிமாண உலகம் தோன்றும். கண்ணொன்றுக்கு 224 ஒளிகாலும் இருவாயிகள் ஒரே வரிசையில் நிற்க, அதிரும் ஆடியொன்று அவ்வரிசையைப் பரப்பிப் படமாகக் காட்டும். நிறம் சிவப்பு மட்டுமே. அக்காலத்தில் மலிவாயிருந்த இருவாயி அதுவே. பார்த்தவர் தலையிடிக்கிறதென்றனர். ஏறக்குறைய 7 இலட்சத்து 70 ஆயிரம் மாத்திரமே விற்பனையாகி, ஓராண்டு நிறைவதற்குள் கைவிடப்பட்டது.

தமது கொள்கையைக் கைவிட்டமையாலேயே அவர் தோற்றார் என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிவப்பு இருவாயி மலிந்த பொருள்தான். அதனைப் பக்கவாட்டில் நகர்த்தியதும் உண்மைதான். ஆனால் புகையிரதத்திலே கண்ட அந்த மனிதரை அவர் இம்முறை மறந்துவிட்டார். அம்மனிதர் விளையாட்டைத் தம் கைக்குள் மறைத்துக்கொண்டு, உலகத்தோடு இருந்தவர். வேர்ச்சுவல் போயோ மனிதரின் தலையைத் தனக்குள் மறைத்துக்கொண்டது. அடுத்திருப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. அன்புமானியைச் செய்தவரின் கையிலிருந்து இப்படியொன்று வந்தது எமக்கு இன்றும் வியப்பே.

1996 ஆகத்தில், முப்பத்தோராண்டுச் சேவைக்குப்பின், யொக்கோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்வியே காரணமென்று பலர் எழுதினர், அவர் மறுத்தார். ‘கோட்டோ’ என்னும் சிறிய தாபனமொன்றைத் தாமே தொடங்கி, பண்டாய் கம்பனிக்காக ஒரு புதிய கைக்கருவியை வடிவமைக்கலானார். 1997 ஒக்ரோபர் 4 ஆம் நாள், இஷிக்காவா மாகாணத்து அதிவேக வீதியில் அவர் சென்ற வண்டி பாரவண்டியொன்றோடு இலேசாக மோதிற்று. சேதத்தைப் பார்க்க இறங்கி நின்றவரை மற்றொரு வண்டி மோதியது. அப்பொழுது அவருக்கு வயது 56.

அவர் வடிவமைத்த கருவி, ‘வொண்டர்ஸ்வான்’ என்ற பெயருடன் 1999 மார்ச்சு 4 ஆம் நாள் வெளிவந்தது. திரையில் வர்ணம் இல்லை. மின்கலம் ஒன்றே ஒன்று. அது முப்பது மணித்தியாலமளவில் உழைத்தது. அத்துடன் வெளியான விளையாட்டொன்றுக்கு ‘குன்பெய்’ என்று பெயரிட்டிருந்தனர்.