பக்கம் காட்டாத பக்கவாதம்

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஒருவருக்குக் கைகால் விழுந்துவிட்டால் 'வாதம் அடிச்சிடுச்சு' என்பார்கள். வயதானவர்கள் வாயில் 'பாரிச வாயு' என்றும் வரும். பார்சுவம் என்ற வடசொல்தான் பாரிசம் ஆயிற்று, பொருள் பக்கம். ஆகப் பக்கவாதம், பாரிச வாயு இரண்டுமே உடம்பின் ஒரு பக்கத்தை முடக்கும் காற்றைத்தான் சொல்கின்றன. ஆயுர்வேத நூல்களில் இந்த நோய்க்குப் பக்ஷாகாதம் என்று பெயர். ஆகாதம் என்றால் அடி. ஆங்கில 'ஸ்ட்ரோக்'கும் அடிதான். தமிழ்ப் பெயரில் அடி இருந்த இடத்தில் வாதம் நிற்கிறது. ஆனாலும் 'அடிச்சிடுச்சு' என்ற பேச்சில் அடி இன்னும் இருக்கிறது.

பக்கவாதம், பாரிச வாயு, பக்ஷாகாதம் மூன்றிலும் மாறாமல் நின்றது பக்கம். கை தூக்க முடிகிறதா, வாய் கோணியிருக்கிறதா என்று பார்க்க அது நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. பல நேரம் அதுவே போதும். பின்மூளையில் வரும் வாதத்துக்குத்தான் போதாது.

கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மேலேறும் இரண்டு தமனிகள் பின்மூளைக்கு ரத்தம் தருகின்றன. வெர்ட்டிப்ரல் தமனிகள் என்பார்கள். லத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திரும்புதல். முதுகெலும்புக் கண்ணியான வெர்ட்டிப்ராவும் தலைசுற்றலான வெர்ட்டிகோவும் அந்த வேரில் பிறந்தவை. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் சிலருக்கு இந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்துவிடும். கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து வழி குறுகும். அங்கே உறையும் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும். பிடரியில் வலி, தலைசுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, ஓயாத விக்கல் என்று வரும். கைகால் பலமாகவே இருக்கலாம்.

1895-இல் டான்சிக் நகர மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க் விவரித்த பின்மூளை வாத வகையில், வலக்கன்னம் மரத்திருந்தால் இடக்கையை வெந்நீரில் விட்டாலும் சுடாது. இதில் எந்தப் பக்கத்தைப் பக்கம் என்பது?

2022-இல் ஐதராபாத்தில் 50 வயதுப் பெண் ஒருவர் அழகு நிலையத்தில் தலையலசக் கழுத்தைப் பின்னால் சாய்த்திருந்தபோது தலைசுற்றலும் வாந்தியும் கண்டது. முதலில் வயிற்று மருத்துவரிடம்தான் போனார். பிறகுதான் சிறுமூளை பாதிக்கப்பட்டது தெரிந்தது. அவருக்குத் தமனி அழுந்தியிருக்கலாம் என்பது மருத்துவர் கணிப்பு.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவர் தலைசுற்றி உட்கார்ந்தால் 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாறு கொடுப்போம். பெரும்பாலும் அது களைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிடரி வலிக்கிறது என்கிறவர், பிடித்துக்கொள்ளாமல் உட்கார முடியாமல் சரிகிறவர், பேச்சு குழறுகிறவர் என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. கழுத்தை நீவிச் சொடக்கு எடுக்கவே கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. தலைசுற்றல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கூட இருப்பவர்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.