மின் கணப்பு: குளிருக்கு இதமா, கட்டணப் பட்டியலுக்குச் சுமையா?

பிரித்தானியாவில் குளிர்காலம் தொடங்கினால் எம்மவர் வீடுகளில் ஒரு பேச்சும் கூடவே தொடங்கிவிடும். "ஹீட்டரை ஆர் போட்டுவிட்டுப் போனது?" என்பதே அது. அண்மைக் காலமாக இந்தப் பேச்சில் மின் கணப்பும் சேர்ந்துகொண்டுள்ளது. விறகு எரிவது போன்ற ஒளியைக் காட்டி, கீழிருந்து சூடான காற்றை ஊதும் இந்தச் சாதனத்துக்குப் புகைபோக்கி தேவையில்லை. சாம்பல் இல்லை, காபனோரொக்சைட்டு நச்சுவாயு வெளிவரும் அச்சமும் இல்லை. சுவரில் செருகினால் போதும். ஆனால் மாத முடிவில் அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

அலகின் விலை

இலங்கையில் பாவிக்கும் அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக உயரும். பிரித்தானியாவில் வழமையான கட்டண முறையில் முதலாவது அலகுக்கும் ஐந்நூறாவது அலகுக்கும் ஒரே விலைதான். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு ஒஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை விலை உச்சவரம்பை நிர்ணயிக்கிறது. 2025 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில், வங்கி மூலம் மாதாந்தம் கட்டுவோருக்குச் சராசரியாக ஓர் அலகு மின்சாரம் 26.35 பென்ஸ், ஓர் அலகு எரிவாயு 6.29 பென்ஸ். ஓர் அலகு என்பது ஒரு கிலோவோட் மணி. கீழுள்ள கணக்குகள் அனைத்தும் இந்த விலைகளை வைத்தே போடப்பட்டவை. உங்கள் கட்டணப் பட்டியலில் உள்ள விலை வேறாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கணக்கு இதுதான்

சாதனத்தின் வலுவைக் கிலோவோட்டில் எடுத்து, பாவித்த மணித்தியாலங்களாலும் அலகு விலையாலும் பெருக்கினால் செலவு வந்துவிடும். பெரும்பாலான மின் கணப்புகளில் 1 கிலோவோட், 2 கிலோவோட் என இரண்டு நிலைகள் உண்டு.

• 1 கிலோவோட் நிலை: மணிக்கு சுமார் 26 பென்ஸ்
• 2 கிலோவோட் நிலை: மணிக்கு சுமார் 53 பென்ஸ்
• 2 கிலோவோட்டில் தினமும் 4 மணி நேரம்: நாளுக்கு 2 பவுண்ட்ஸ் 11 பென்ஸ், 30 நாட்களுக்கு 63 பவுண்ட்ஸ் 24 பென்ஸ்

இப்படியே ஐந்து மாதம் ஓடினால் 316 பவுண்ட்ஸ் ஆகும். வெப்பநிலைச் சீராக்கி உள்ள சாதனம் அறை சூடானதும் தானாக நின்று, குளிர்ந்ததும் மீண்டும் இயங்கும். அதனால் பாதி நேரமே இயங்கினால் செலவும் பாதியாகும்.

வெப்பத்தை நிறுத்திவிட்டுத் தீச்சுவாலையின் ஒளியை மட்டும் எரியவிடுவோரும் உண்டு. எல்.ஈ.டி. விளக்குள்ள சாதனம் 15 வோட் அளவில் பாவிப்பதாகக் கொண்டால், தினமும் 5 மணி நேரத்துக்கு மாதம் 59 பென்ஸ்தான். 60 வோட் குமிழ்கள் இரண்டு உள்ள பழைய சாதனத்தில் அதே ஒளிக்கு மாதம் 4 பவுண்ட்ஸ் 74 பென்ஸ் போகும்.

விலை கூடிய சாதனம் சிக்கனமானதா?

கடைகளில் இது சிக்கனமான சாதனம் என்று சொல்லி விற்பார்கள். ஆனால் நேரடியாக வெப்பம் தரும் மின்சாதனங்கள் எல்லாமே தாம் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்குகின்றன. ஆகவே 30 பவுண்ட்ஸ் கொடுத்து வாங்கிய விசிறி ஹீட்டரும் 500 பவுண்ட்ஸ் கொடுத்து வாங்கிய கணப்பும் ஒரே வலுவில் இயங்கினால் தருவது ஒரே அளவு வெப்பம்தான். மேலதிகப் பணம் அழகுக்கும், சீராக்கி, நேரக்கணிப்பி போன்ற வசதிகளுக்கும் போகிறது.

எரிவாயுவுடன் ஒப்பிட்டால்

90 வீத வினைத்திறனுள்ள பொயிலரில் ஓர் அலகு வெப்பத்துக்கு ஏறத்தாழ 7 பென்ஸ் செலவாகும். மின்சாரத்தில் அது 26 பென்ஸ். ஏறக்குறைய நான்கு மடங்கு. மேலே சொன்ன 63 பவுண்ட்ஸ் வெப்பத்தை எரிவாயு 17 பவுண்ட்ஸுக்குத் தந்துவிடும்.

அப்படியானால் மின் கணப்பால் பயனே இல்லையா? உண்டு. பிள்ளைகள் வேலைக்கும் பாடசாலைக்கும் போனபின் அம்மாவோ அப்பாவோ ஓர் அறையில் தனியே இருக்கிறார் எனக் கொள்வோம். முழு வீட்டையும் சூடாக்க பொயிலர் மணிக்கு 8 அலகு எரிவாயு எரித்தால் 50 பென்ஸ். அந்த ஓர் அறைக்கு 1 கிலோவோட் போதுமானால் 26 பென்ஸ். இங்கே கணப்பு இலாபம். 2 கிலோவோட் தேவைப்பட்டால் அந்த இலாபம் போய்விடும். ரேடியேட்டர்களில் தனித்தனித் திருகுகள் இருந்தால் மற்ற அறைகளில் குறைத்துவிட்டு பொயிலரையே பாவிப்பது இன்னும் மலிவு. மாலையில் எல்லோரும் வீடு திரும்பி, அறைக்கொரு ஹீட்டர் போடும்போதுதான் கட்டணம் எகிறுகிறது.

மிச்சம் பிடிப்பதிலும் கவனம்

ஊரில் இருந்து வந்த முதியவர்கள் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று குளிரில் போர்த்திக்கொண்டு இருந்துவிடுவதுண்டு. இது ஆபத்தானது. முதியவர்களும் நோயாளிகளும் இருக்கும் அறையைக் குறைந்தது 18 பாகை செல்சியஸில் வைத்திருக்குமாறு பிரித்தானிய சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. குளிர் மூச்சுத் தொற்றுக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கக்கூடியது. மணிக்கு 26 பென்ஸ்தான் என்ற கணக்கை அவர்களுக்கு விளக்கிச் சொன்னால் தயக்கம் குறையும்.

ஓர் அறையை மட்டும் சூடாக்கி மற்றவற்றை நாட்கணக்கில் குளிரவிட்டால், அந்தச் சுவர்களில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

2 கிலோவோட் சாதனம் ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஆகவே நீட்டிப்பு வயரில் மற்றச் சாதனங்களோடு சேர்த்துச் செருகாமல் சுவர்ச் செருகியில் நேரடியாகச் செருக வேண்டும். அதன்மேல் உடுப்பு காயப்போடுவதும், போட்டபடியே நித்திரைக்குப் போவதும் தீ விபத்தில் முடியலாம்.

வருமானத்தோடு தொடர்புடைய அரச கொடுப்பனவு பெறும் குடும்பங்களில் மின் கட்டணம் யாருடைய பெயரில் வருகிறதோ அவருக்கு, குளிர்கால உதவித் திட்டத்தின் கீழ் 150 பவுண்ட்ஸ் கழிவு கிடைக்கக்கூடும். உரியவர்கள் தமது மின் வழங்குநரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வாங்கும் முன் பெட்டியில் உள்ள கிலோவோட் அளவையும் கட்டணப் பட்டியலில் உள்ள அலகு விலையையும் பெருக்கிப் பாருங்கள். பகிர்ந்து வாழும் வீடுகளில் அந்தக் கணக்கை எல்லோருமாக இருந்து முன்கூட்டியே போட்டுக்கொண்டால், மாத முடிவில் மனக்கசப்பு வராது.