இங்கிலாந்து டூர் போறீங்களா? எந்த மியூசியம் இலவசம், எதுக்கு டிக்கெட்? முழு விவரம்

லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தை ஒரு பைசா செலவில்லாமல் சுற்றிப் பார்க்கலாம். அதே ஊரில் தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் டவர் ஆஃப் லண்டன் கோட்டைக்குள் நுழைய, ஒரு ஆளுக்கே நம்மூர் மதிப்பில் ஆயிரக்கணக்கில் செலவாகும். ரெண்டுமே உலகப் புகழ்பெற்ற இடங்கள்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

காரணம் ரொம்ப சிம்பிள். அந்த இடத்தை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துதான் டிக்கெட். இது புரிந்துவிட்டால் பட்ஜெட் போடுவது ஈஸி.

எதெல்லாம் இலவசம்?

அரசு நிதியில் இயங்கும் தேசிய மியூசியங்களில் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நேஷனல் கேலரி ஆகியவை இந்த வகை.

லண்டனோடு முடிந்துவிடவில்லை. யார்க் நகரின் நேஷனல் ரயில்வே மியூசியம், லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் ஆயுத மியூசியம், லிவர்பூலின் வேர்ல்ட் மியூசியம் ஆகியவையும் இலவசம்தான். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் ஆகிய பல்கலைக்கழக மியூசியங்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை.

இலவசம் என்றாலும் பல இடங்களில் ஆன்லைனில் நேரம் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. விடுமுறை நாட்களில் வாசலில் நீளமான கியூ இருக்கும். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்க வேண்டும்.

எப்போதிலிருந்து இந்த இலவசம்?

1980களில் சில தேசிய மியூசியங்கள் கட்டணம் வாங்கத் தொடங்கின. நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் சயின்ஸ் மியூசியமும் அதில் அடக்கம். பிறகு அரசின் முடிவால் 2001 டிசம்பரில் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. செலவை ஈடுகட்ட அரசு நிதியோடு, நன்கொடை, கடை, உணவகம், சிறப்புக் கண்காட்சி டிக்கெட் எனப் பல வழிகளில் மியூசியங்கள் பணம் திரட்டுகின்றன. வாசலில் வைத்திருக்கும் நன்கொடைப் பெட்டியில் பணம் போடுவது உங்கள் விருப்பம். கட்டாயம் இல்லை.

எங்கெல்லாம் டிக்கெட்?

டவர் ஆஃப் லண்டன், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை ஆகியவற்றை ஹிஸ்டாரிக் ராயல் பேலஸஸ் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. பெயரில் ராயல் இருந்தாலும் அரசு நிதியோ அரச குடும்பத்தின் நிதியோ இதற்கு வருவதில்லை. பராமரிப்புச் செலவுக்கு டிக்கெட் வருமானம் மிக முக்கியம். கோஹினூர் வைரம் பதித்த கிரீடம் இருப்பது இந்த டவரில்தான்.

ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், டோவர் கோட்டை உட்பட 400க்கும் மேற்பட்ட இடங்களை இங்கிலிஷ் ஹெரிடேஜ் பராமரிக்கிறது. 2015 முதல் இதுவும் அறக்கட்டளைதான். பழைய பண்ணையார் மாளிகைகள், தோட்டங்கள் பலவற்றை 1895ல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் கவனிக்கிறது. பாத் நகரின் ரோமானியக் குளியல் கூடத்தை நடத்துவது உள்ளூர் கவுன்சில். அங்கேயும் டிக்கெட் உண்டு.

செலவைக் குறைக்க என்ன வழி?

* ஒரே பயணத்தில் பல கோட்டைகளைப் பார்ப்பதாக இருந்தால், இங்கிலிஷ் ஹெரிடேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் 9 நாள் அல்லது 16 நாள் பாஸ் கைகொடுக்கும். ஓரிரு இடம்தான் என்றால் தனி டிக்கெட்டே போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

* வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சுற்றிப் பார்க்கத்தான் கட்டணம். வழிபாட்டில் கலந்துகொள்ள இலவசம். மாலை நேர வழிபாட்டுக்கு எல்லோரும் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் போட்டோ எடுப்பது, உலாவுவது கூடாது. 1093ல் கட்டத் தொடங்கிய டர்ஹாம் பேராலயத்தில் நுழைவுக் கட்டணமே இல்லை.

* கி.பி. 122ல் ரோமானியர்கள் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் சுமார் 117 கி.மீ. நீளம். சுவரை ஒட்டிய பாதையில் நடக்கக் காசு வேண்டாம். ஹவுஸ்டெட்ஸ் போன்ற கோட்டைத் தளங்களுக்குத்தான் டிக்கெட்.

* செப்டம்பரில் போகிறீர்களா? அப்போது நடக்கும் ஹெரிடேஜ் ஓபன் டேஸ் விழாவில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் இடங்களும் கட்டணம் வாங்கும் இடங்களும் பல ஊர்களில் இலவசமாகத் திறந்திருக்கும்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

ஏர்போர்ட்டிலிருந்து நேராக மியூசியம் போகலாம் என்று நினைக்காதீர்கள். சக்கரம் வைத்த சூட்கேஸ்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் விடமாட்டார்கள். ஹோட்டலிலோ, பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் லக்கேஜ் மையத்திலோ வைத்துவிட்டுப் போங்கள்.

டிசம்பர் 24 முதல் 26 வரை பல மியூசியங்கள் மூடியிருக்கும். நேஷனல் டிரஸ்ட் மாளிகைகள் சில, குளிர்காலம் முழுக்கவே திறப்பதில்லை.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலேயே ரயில் நிலையம் கிடையாது. லண்டனிலிருந்து சாலிஸ்பரி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட் மையத்திலிருந்து கற்கள் 2 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கின்றன. அதற்குத் தனி பஸ் விடுகிறார்கள். கற்களைத் தொட முடியாது, சுற்றி நடந்து பார்க்கலாம்.

நம்ம ஊர்ப் பொருட்கள் எங்கே இருக்கு?

பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதி பௌத்தச் சிற்பங்களுக்குத் தனிக் கூடம் உண்டு. ஆந்திராவில் எடுக்கப்பட்ட இந்தச் சிற்பங்கள் மெட்ராஸ் வழியாக 1859ல் லண்டனுக்கு அனுப்பப்பட்டவை. அதே ஸ்தூபியின் இன்னொரு பெரிய தொகுப்பு சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துச் செல்லப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ளது.

இவையெல்லாம் திரும்பி வருமா? இங்கேயும் அதே கேள்விதான்: யார் கையில் இருக்கிறது? பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரிப்பிலிருந்து பொருட்களை நிரந்தரமாகக் கொடுப்பதை 1963ம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு 1983ம் ஆண்டுச் சட்டம் தடையாக நிற்கிறது. நிர்வாகமே விரும்பினாலும் சட்டத்தைத் தாண்டுவது கஷ்டம்.

ஆஷ்மோலியன் பல்கலைக்கழக மியூசியம் என்பதால் அதற்கு இந்தச் சட்டங்கள் பொருந்தாது. அது 1967ல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலை, கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள் கோவில் கிராமத்துப் பெருமாள் கோயிலில் இருந்தது. அந்தச் சிலை 1957ல் கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணங்களில் கிடைத்தது. இந்தியா முறைப்படி கேட்டது. சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக கவுன்சில் 2024ல் ஒப்புதல் அளித்தது.

அதனால் இங்கிலாந்தில் எந்த மியூசியத்துக்குள் போனாலும், பொருளுக்கு அருகே ஒட்டியிருக்கும் சின்ன அட்டையையும் படியுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், யார் கொடுத்தது என்று பல அட்டைகளில் இருக்கும். டிக்கெட் விலையும் திறந்திருக்கும் நேரமும் அடிக்கடி மாறும் என்பதால், கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.