கடலைத் தூர்க்கக் கூடாது என்றவர்கள்

சென்னையில் பாரிமுனை வழியாக நித்தம் ஆயிரமாயிரம் பேர் போய் வருகிறார்கள். அங்கே டேர் ஹவுஸ் கட்டிடத்தை ஒட்டி நிற்கும் ஒரு பழைய தூணை ஏறிட்டுப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர்தான். 1773-ம் ஆண்டு நாட்டிய எல்லைத் தூண் அது. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, பக்கத்திலிருந்த வீடுகளும் தெருக்களும் அவனுடைய படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. அந்தச் சூட்டைக் கண்ட பூனையாகிய கம்பெனி சர்க்கார், பிறகு கோட்டையைச் சுற்றிப் பெரிய வெளி ஒன்றை ஒதுக்கி, "இந்தத் தூண்களுக்கு உட்பட்டு யாரும் வீடு கட்டக் கூடாது" என்று விதித்தது. அந்த வெளியின் ஒரு பகுதியில்தான் 1892-ல் ஹைகோர்ட் எழுந்தது.

செஞ்சிக்குப் போனாலும் இதே விஷயத்தைப் பார்க்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில் வளைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைய ஊர் அந்த மதிலுக்கு வெளியே, கிழக்கே ஒதுங்கி வாழ்கிறது. கோட்டை இருக்கிற இடத்தில் ஊர் சற்று விலகித்தான் நிற்க வேண்டும். இது நிலத்தில் உள்ள நியதி. கடற்கரையில் கோட்டைக்குப் பதில் கடற்படை வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கோட்டைக்காரனுக்கு முன்னால் வெறும் தரை வேண்டும். கடற்படைக்காரனுக்கு முன்னால் வெறும் தண்ணீர் வேண்டும். இந்தத் தண்ணீருக்காக ஒரு துறைமுக நகரத்தில் நூறாண்டுக் காலம் நடந்த இழுபறியைத்தான் சொல்லப் போகிறேன். அந்த நகரம் ஹாங்காங்.

1841-ம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஹாங்காங் தீவில் கொடி ஏற்றினார்கள். அந்தச் சீன யுத்தத்தில் அவர்களோடு போனவர்களில் நம்மவர்களும் உண்டு. சென்னை 37-ம் காலாட்படை காண்டனுக்கு அருகே போரிட்டது. பிறகு தீவிலே தங்கிக் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்தது. ஆக, இந்தக் கதை நமக்கு முற்றும் அந்நியமானதல்ல.

தீவின் வடகரையில் கப்பல்கள் நிற்க அருமையான ஆழமான துறை. ஆனால் ஊர் கட்ட இடம் இல்லை. மலை செங்குத்தாக இறங்கி வந்து கடலில் காலை நனைக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே வேட்டிக் கரை மாதிரி ஒரு மெல்லிய துண்டு நிலம். அதன் மேல் குவீன்ஸ் ரோடு என்று ஒரே ஒரு சாலை. கடலோர மனைகளை ஏலத்தில் எடுத்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மலையை வெட்டிய மண்ணையும் கல்லையும் தங்கள் மனைக்கு முன்னால் கொட்டினார்கள். கடல் கொஞ்சம் பின்வாங்கியது. மனை கொஞ்சம் நீண்டது. யாரைக் கேட்டார்கள், யாருக்கு வரி கட்டினார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

இதே சமயத்தில் ராணுவமும் கடற்படையும் தங்களுக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிடித்தது ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் அல்ல, நட்ட நடுவில்! மேற்கே வியாபாரிகளின் நகரம். கிழக்கே வான்சாய் என்ற பகுதி. இரண்டுக்கும் நடுவே மலைப் பக்கம் பாளையங்கள், கடற்பக்கம் கடற்படையின் கப்பல் பட்டறை. ஊரின் கழுத்தில் இரண்டு கைகளும் வைத்தாற்போல் ஆயிற்று.

1854-ல் கவர்னராக வந்தவர் ஸர் ஜான் பௌரிங். பல பாஷைகள் கற்றவர். தத்துவ ஞானி பெந்தாமின் நண்பர். அவர் 1855-ல் ஒரு யோசனை சொன்னார். கடலைச் சீராகத் தூர்த்து, கரை நெடுகக் கற்சுவர் எழுப்பி, அதன் மேல் அகலமான சாலை ஒன்று போட வேண்டும் என்றார். போர்த்துகீசியர் வழக்கப்படி அதைப் 'பிரயா' என்று அழைத்தார்கள். நல்ல யோசனைக்கு எதிரிகள் இரண்டு பக்கமும் கிளம்புவார்கள் அல்லவா? கடலோர மனைக்காரர்கள், "எங்கள் வாசலுக்கு முன்னால் பொதுச் சாலையா?" என்று குதித்தார்கள். ராணுவத்தாரும் கடற்படையாரும் தங்கள் எல்லைக்கு முன்னால் சாலை வரவே கூடாது என்றார்கள். 1859-ல் சட்டசபையில் பௌரிங்கின் மசோதா தோற்றது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களே அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். அவர் மனம் கசந்து ஊர் திரும்பினார்.

அவருக்குப் பின் வந்த ஸர் ஹெர்குலிஸ் ராபின்ஸன், பிற்பாடு இலங்கைக்குக் கவர்னராகப் போனவர், சாமர்த்தியசாலி. வியாபாரிகளைச் சரிக்கட்டி, நகரத்தின் நடுப்பகுதியில் பிரயாவைக் கட்டி முடித்தார். ஆனால் அவராலும் கடற்படையைச் சரிக்கட்ட முடியவில்லை. கிழக்கு நோக்கி வந்த சாலை கடற்படை வேலிக்கு முன்னால் முட்டி நின்றது.

கடற்படையார் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. கப்பல் பட்டறை என்பது தண்ணீரோடு ஒட்டிப் பிறந்த தொழில். கப்பல் வந்து அணைய வேண்டும்; படகுகள் இறங்க வேண்டும்; நிலக்கரியும் பீரங்கியும் ஏற வேண்டும். பட்டறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஊரார் நடக்கும் சாலையைப் போட்டால், கிணற்றுக்கும் ராட்டினத்துக்கும் நடுவே சுவர் வைத்த கதைதான். தவிரவும், குறுகலான ஒரு துறையில் கரையை முன்னுக்குத் தள்ளினால் நீரோட்டம் திசை மாறும்; ஓரிடத்தில் ஆழம் கூடும், மற்றோரிடத்தில் வண்டல் சேரும். மாலுமிக்குத் தெரிந்த இந்த விஷயம் மனை வியாபாரிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை.

அடுத்து வந்தவர் வியாபாரிதான், ஆனால் சாமானிய வியாபாரி அல்ல. பால் சேட்டர் என்ற ஆர்மீனியர். 1846-ல் நம் கல்கத்தாவில் பிறந்து, தாய் தந்தையை இழந்து, அங்கேயே படித்து, 1864-ல் ஹாங்காங்குக்குப் போய் ஒரு பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். இரவு வேளையில் சிறு படகில் போய்க் கடலின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்து பார்ப்பாராம். இப்படி ஒரு கதை அவரைப் பற்றி உண்டு. 1887-ல் அவர் கொடுத்த திட்டம், மேற்குக் கரையில் இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளத்துக்கு, 250 அடி அகலம் கடலைத் தூர்ப்பது. மனைக்காரர்கள் செலவை ஏற்பார்கள். புது நிலம் அவர்களுக்குக் கிடைக்கும். சர்க்காருக்குச் சாலையும் வரியும் கிடைக்கும். 1890-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1904-க்குள் வேலை முடிந்தது. சுமார் 60 ஏக்கர் நிலம் கடலிலிருந்து முளைத்தது. இன்றும் அங்கே சேட்டர் ரோடு இருக்கிறது. ஆனால் அந்த மகா திட்டமும் கிழக்கே கடற்படை எல்லையைத் தொட்டவுடன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. கடலைத் தூர்க்கக் கூடாது என்று அரை நூற்றாண்டு காலம் சொல்லிக்கொண்டிருந்த கடற்படையார், புது நூற்றாண்டு பிறந்ததும் தாங்களே தூர்க்கத் தொடங்கினார்கள்! பட்டறையைப் பெரிதாக்கி, உலர் துறை ஒன்றும் கப்பல்கள் ஒதுங்க ஒரு குளமும் கட்டி, 30 ஏக்கருக்கு மேல் கடலை நிலமாக்கிக்கொண்டார்கள். "அதற்குப் பதில் எதிர்க்கரையான கௌலூனுக்குப் போய்விடுங்களேன்" என்று நகரத்தார் கேட்டுப் பார்த்தார்கள். லண்டன் காது கொடுக்கவில்லை. நீரோட்டமும் வண்டலும் அப்போது எங்கே போயின என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

இதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? கவர்னரும் அட்மிரலும் அல்ல. வான்சாயில் குடியிருந்து மேற்கே வேலைக்குப் போன சாதாரண ஜனங்கள்தாம். 1904-ல் டிராம் வந்தது. டிராம், ரிக்ஷா, கூலிகள் தூக்கிய சுமை, பிற்பாடு மோட்டார் எல்லாமே பாளையத்துக்கும் பட்டறைக்கும் இடையே இருந்த அந்த ஒரே சாலையில் நசுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1921-ல் தொடங்கி, மாரிஸன் குன்றை வெட்டி, வான்சாய்ப் பக்கத்திலும் கடலைத் தூர்த்தார்கள். ஆகவே கிழக்கே ஒரு புதுக் கரை, மேற்கே ஒரு புதுக் கரை. இரண்டையும் சேர்க்க முடியாமல் நடுவே கடற்படை.

1957-ல் அந்தப் பட்டறையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. 1959-ல் மூடினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். உலர் துறையை மண் கொட்டி மூடி, அதன் வழியாகச் சாலை போட்டார்கள். பௌரிங் ஆசைப்பட்டதற்கு நூறு வருஷம் கழித்து மேற்கும் கிழக்கும் கடலோரமாகக் கை கோத்துக்கொண்டன. அந்தச் சாலைக்கு என்ன பெயர் தெரியுமா? ஹார்கோர்ட் ரோடு. 1945-ல் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்ற ஓர் அட்மிரலின் பெயர்! வழி விடாதவர்களின் பெயரையே வழிக்கு வைத்தார்கள்.

பின்னர் காலம் இன்னொரு விதமாகவும் திரும்பியது. தூர்த்துத் தூர்த்துத் துறைமுகமே ஒரு வாய்க்காலாகிவிடும் போலிருக்கிறதே என்று பயந்து, "கடலைத் தூர்க்கக் கூடாது" என்று குடிமக்கள் எழுந்தார்கள். 1997-ல் துறைமுகத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 2004-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பொது ஜனங்களுக்குத் தவிர்க்க முடியாத அவசியம் இருந்தாலொழியத் தூர்க்கலாகாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு வான்சாய்க் கரையைப் பற்றியது. அந்த நீதிமன்றம் 2015 முதல் நடைபெறும் கட்டிடம் நிற்பதோ சேட்டர் தூர்த்த நிலத்தில்!

ஆங்கிலேயர் போய்ச் சீனப் படை வந்த பிறகும் பழைய பாடம் மறையவில்லை. 1994-ல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட ஏற்பாட்டில், புதிதாகத் தூர்க்கும் கரையில் 150 மீட்டர் நீளம் ராணுவத் துறைக்கென்று ஒதுக்கப்பட்டது. உலாவ ஆசைப்பட்ட ஜனங்கள் 2013-ல் ஆட்சேபித்தார்கள். 2020-ல் அந்த இடம் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரே வாக்கியத்தை முதலில் அட்மிரல் சொன்னார். பிறகு குடிமகன் சொன்னான். அட்மிரல் சொன்னபோது லண்டன் வரை கேட்டது. குடிமகன் சொன்னதற்கு ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும் வேண்டியிருந்தன. அவை வந்து சேர்ந்தபோது பாதிக் கடல் நிலமாகியிருந்தது.