டோரதி வீடு திரும்பினாளா?

'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜூடி கார்லண்ட் டோரதியாக நடித்து, எம்.ஜி.எம். 1939-ல் வெளியிட்ட படம். மூலக்கதையைப் படித்தவர்கள் குறைவு. எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900-ல் வெளியானது அது. 1919-லேயே அவர் காலமாகிவிட்டார். ஆகவே படத்தில் முடிவை மாற்றியபோது, ஏனய்யா என்று கேட்க அவர் இல்லை.

சில்லறை மாற்றங்களை விட்டுவிடலாம். புத்தகத்தில் டோரதியின் காலில் இருப்பது வெள்ளிக் காலணி. வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமே என்று அது சிவப்பாயிற்று. ஒன்றில் படத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கான்சாஸில் புல், வீடு, எம் அத்தையின் கண்கள் எல்லாமே சாம்பல் நிறம் என்று பாம் ஆரம்பத்திலேயே எழுதுகிறார். படத்தில் கான்சாஸ் வண்ணமே இல்லாமல் வரும். ஆஸ் நாட்டில் கதவைத் திறந்ததும் வண்ணம் கொட்டும்.

அந்த வறட்சியைப் பாம் கண்ணால் பார்த்தவர். 1888-ல் டகோட்டாவில் அபர்டீன் என்ற ஊரில் கடை போட்டார். மழை பொய்த்தது, கடனுக்குச் சரக்கு வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. கடை நொடித்தது. அடுத்து நடத்திய பத்திரிகையும் படுத்தது. 1891-ல் குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இனி முடிவுக்கு வருவோம். படத்தில் எல்லாமே கனவு. டோரதி கண் விழிக்கிறாள். அதே கட்டில், அதே வீடு, சுற்றிலும் பண்ணையாட்கள். இனி வீட்டை விட்டு எங்கும் போகமாட்டேன் என்கிறாள். புத்தகத்தில் கனவு கிடையாது. சூறாவளி வீட்டை நிஜமாகவே தூக்கிப் போய்விட்டது. அவள் திரும்பும்போது ஹென்றி மாமா புதுவீடு கட்டியிருக்கிறார்.

வீடு கட்டப் பணம் ஏது? இந்தக் கேள்விக்குப் பத்து வருஷம் கழித்துப் பாமே பதில் சொன்னார். 1910-ல் வந்த ஆறாவது ஆஸ் புத்தகத்தில், அந்த வீட்டுக்காக மாமா நிலத்தை அடமானம் வைத்த கதை வருகிறது. கடன் அடையவில்லை. நிலம் கைவிட்டுப் போகும் நிலை. முப்பது வருஷம் வங்கியில் அடமானக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். குழந்தைகள் கதையில் அந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டோரதி மாமாவையும் அத்தையையும் ஆஸ் நாட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். கான்சாஸுக்கு முழுக்கு! அடுத்த வருஷமே, 1911-ல், பாமும் திவாலானார்.

படம் வந்த காலமோ, வறட்சியிலும் கடனிலும் ஆயிரக்கணக்கான அமெரிக்க விவசாயிகள் நிலத்தை இழந்து ஊரைவிட்டுக் கிளம்பிய காலம். அவர்களுக்குச் சொந்த வீட்டின் அருமையைச் சொன்னது படம். அடமானத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? படத்தின் தொடக்கத்தில், ஊரில் பாதிக்குச் சொந்தக்காரியான ஒரு பணக்காரி, நாய்க்குட்டி டோட்டோவைப் பிடித்துப்போகச் சட்டப்படி உத்தரவோடு வருவாள். புத்தகத்தில் இல்லாத பாத்திரம் அவள். டோரதி கண் விழித்த பிறகு அந்த உத்தரவு என்னவாயிற்று என்று படத்தில் யாரும் கேட்பதில்லை.