எந்த வருசத்து டீசல்?

"பழைய டீசல் பிக்கப் ஒண்டு பாத்திருக்கிறன், ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது வருசத்தைத்தான். எத்தனை கிலோமீற்றர், என்ன விலை என்பதெல்லாம் பிறகு. வட அமெரிக்காவில் ஓடும் டீசல் பிக்கப்களுக்கு வருசம் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. எண்ணெய்த் தட்டுப்பாடு, கொம்பனிகளின் அவசரம், புகைச் சட்டம் என்று ஒவ்வொரு காலமும் இந்த எஞ்சின்களில் ஒவ்வொரு தழும்பை விட்டுப் போயிருக்கிறது. வாங்குகிறவர் தடவிப் பார்க்க வேண்டியது அந்தத் தழும்பைத்தான்.

ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜேர்மனியில் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவரிடமிருந்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். டீசலைப் பற்றவைக்கப் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி வரும் சூட்டில்தான் எண்ணெய் பற்றும். அதனால் இறுக்கம் போனால் எஞ்சின் போச்சு. குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் எப்படி ஸ்ரார்ட் ஆகிறது என்று பார்ப்பதன் முழுக் காரணமும் இதுதான்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதுவரை பெற்றோலைத் தண்ணீர் மாதிரிச் செலவழித்த அமெரிக்கர்கள் டீசல் பக்கம் திரும்பினார்கள். ஜெனரல் மோட்டோர்ஸ் 1978இல் ஓல்ட்ஸ்மொபீல் 5.7 லீற்றர் டீசலைக் கார்களிலும் பிக்கப்களிலும் பூட்டி விற்றது. நெருக்கம் 22 மடங்குக்கு மேல். ஆனால் ஹெட்டை இறுக்கிப் பிடித்த போல்ற்றுகளின் அமைப்பு பெற்றோல் எஞ்சினுடையதே. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடியும் இல்லை. ஹெட் கஸ்கட்டுகள் கிழிந்தன, பம்புகள் கறள் பிடித்தன. 1985இல் அதை நிறுத்தினார்கள். அந்த எஞ்சினை இன்று ஒருவரும் வாங்கப் போவதில்லை. ஆனால் வண்டிக்குக் கீழே குனிந்து தண்ணீர் பிரிக்கும் வடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு மெக்கானிக்குகளிடம் ஊறிவிட்டது.

1989இல் டொட்ஜ் பிக்கப்பில் கமின்ஸின் 5.9 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. உண்மையில் அது வேலைசெய்கிற இயந்திரங்களுக்குச் செய்த எஞ்சின். கிழடானாலும் அதற்கு இன்னும் மவுசு குறையவில்லை. அதற்கும் குறை உண்டு. முன்பக்கப் பற்சக்கரப் பெட்டிக்குள் சின்ன உருக்குத் தண்டு ஒன்று இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து கழன்று பற்சக்கரங்களுக்குள் விழுந்தால் பெட்டியே வெடித்துவிடும். அதை மறித்து ஒரு சின்னத் தகடு பூட்டினால் சரி. பூட்டியாச்சா என்று கேளுங்கள். 1998 நடுப்பகுதியில் 24 வால்வு எஞ்சின் வந்தது. அதில் எஞ்சின் கட்டையின் பக்கத்தில் 53 என்ற இலக்கம் வார்த்திருந்தால் வெடிப்பு விழக்கூடிய வார்ப்பு என்று பெயர். ரோர்ச் லைற்றை அடித்துப் பாருங்கள்.

ஃபோர்ட்டின் 7.3 லீற்றர் பவர்ஸ்ட்ரோக் 1994இலிருந்து 2003 வரை. சத்தம் அதிகம், ஆனால் நம்பலாம். அதைப்பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

இனித்தான் கதை சூடுபிடிக்கிறது. 1998இல் ஏழு டீசல் எஞ்சின் கொம்பனிகள் அமெரிக்க அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பரிசோதனையில் நல்ல பிள்ளையாக நடித்து, நெடுஞ்சாலையில் அளவுக்கு மிஞ்சிப் புகை கக்கும்படி கணினியில் வேலை செய்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. (2015இல் ஃபொக்ஸ்வாகன் பிடிபட்டபோது உலகம் புதிதாக அதிர்ந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது.) தண்டனையின் ஒரு பகுதியாக, 2004இல் வரவேண்டிய புகை விதியை 2002 ஒக்ரோபருக்கே முன்னே இழுத்தார்கள். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் முறை பரவியது அந்தக் காலத்தில்தான்.

2003இல் வந்த ஃபோர்ட்டின் 6.0 லீற்றர் எஞ்சினில் இதன் விளைவைப் பார்க்கலாம். செய்தது நவிஸ்ரார். ஒயில் குளிர்விப்பான் அடைபடும். அதைத் தாண்டித்தான் புகைக் குளிர்விப்பானுக்குத் தண்ணி போகவேண்டும். தண்ணி போகாமல் அது வெடிக்கும். உள்ளே அமுக்கம் ஏறி ஹெட் போல்ற் இழுபட்டு கஸ்கட் போகும். ஒரு வியாதி மற்றதைக் கூட்டிக்கொண்டு வரும். 2007இல் ஃபோர்ட் நவிஸ்ராரை நீதிமன்றத்துக்கு இழுத்து, 2009இல் சமாதானமானார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு. கூலன்ற் போத்தல் மூடியைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கறை இருக்கிறதா? நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிச் சூடேறியபின், கணினிக் கருவியில் ஒயில் சூட்டுக்கும் கூலன்ற் சூட்டுக்கும் வித்தியாசம் 8 பாகை செல்சியசுக்கு மேலா? ஆம் என்றால் விலை பேசாமல் வாருங்கள்.

2006இல் டீசலிலிருந்த கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு இறக்கினார்கள். நுரையீரலுக்கு நல்லது, பம்புக்குச் சோதனை. கந்தகத்தை எடுக்கும்போது எண்ணெயின் வழுவழுப்பும் போகும், சேர்மானம் கலந்துதான் அதை ஈடுசெய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் கார்களை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். டீசல் வண்டிக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் பம்பைத் தின்னும், கொஞ்சம் ஒயில் கலவுங்கோ என்று கராஜ்காரர் சொல்லுவார்கள். 2011இலிருந்து ஃபோர்ட் 6.7இலும் ஜெனரல் மோட்டோர்ஸ் டியூராமக்ஸிலும் வந்த சிபி4 பம்பும் இந்த வரட்சியைத் தாங்காத சாதிதான். உடைந்தால் இரும்புத்தூள் நொசில்வரை போய் முழு எண்ணெய்ப் பாதையும் நாசம். வடியின் அடியில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

2007 விதியோடு சைலன்சர் குழாய்க்குள் கரி வடி வந்தது. சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் வேண்டும். ஃபோர்ட் 6.4இல் அதை சிலிண்டருக்குள்ளேயே பிந்திப் பீச்சினார்கள். ஒரு பங்கு சுவரால் வழிந்து ஒயிலுக்குள் போகும். ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது மட்டம் கூடி, டீசல் மணத்தால் இதுதான் காரணம். ஒயில் கூடினது நல்லதுதானே என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த வடியின் தொல்லை தாங்காமல் வெட்டி எறிந்தவர்கள் ஏராளம். பத்து ஆண்டுகளில் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கைவைத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் 2020இல் கணக்குச் சொன்னது. ஒன்ராறியோவிலும் அது சட்டவிரோதம். வடி நன்றாக இருக்கும் வண்டியின் வால்குழாய்க்குள் விரலை விட்டால் விரல் கறுக்காது. 2008க்குப் பிந்திய வண்டியில் விரல் கறுத்தால் வடி வெடித்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

என்ர பெறாமகன் ஒருத்தன் ஸ்னோ தள்ளும் ஒப்பந்தம் எடுத்து, சீட்டுக்காசு 14,000 டொலரோடு ஒரு 2006 டீசல் பார்க்கப் போனான். நானும் போனேன். காலை எட்டு மணி, வெளியில் உறைகுளிர். எஞ்சின் மூடியைத் திறந்து கையை வைத்தால் இளஞ்சூடு. "இப்பதான் கடைக்குப் போட்டு வந்தனான்" என்றார் விற்கிறவர். றோட்டில் கிடந்த புதுப் பனியில் ஒரு ரயர் அடையாளமும் இல்லை. நாளைக்குக் குளிராக வைத்திருங்கோ, திரும்ப வாறம் என்றேன். நாளைக்கு வேறை ஆள் வருகுது என்றார். பெறாமகன் காருக்குள் என்னோடு பேசவில்லை. அவனுக்கு இரண்டு கிழமையில் ஸ்னோ தொடங்குது. அந்தக் காசில் பாதி அவன் மனிசியின் தொழிற்சாலைச் சம்பளம் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு 2002 ஃபோர்ட் 7.3 கிடைத்தது. அதற்கு நான் பார்த்தது முக்கால்வாசி கறள்தான். இங்கே றோட்டுக்குக் கொட்டும் உப்பு எஞ்சினுக்கு முதல் சட்டத்தைத் தின்றுவிடும். கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்னும், உக்கினது தொப்பென்னும். பிரேக் குழாய்களையும் பின் ஸ்பிரிங் பூட்டிய இடத்தையும் விடாதேங்கோ. புது வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தையும் பார்க்கலாம். 2,00,000 கிலோமீற்றருக்கு 5,000 மணி என்றால் சரி, 10,000 மணி என்றால் பாதி வாழ்க்கை நின்ற இடத்திலேயே உறுமியிருக்கிறது.

கடைசியாகக் கடதாசி. ஒன்ராறியோவில் தனியாள் விற்கும்போது பழைய வாகனத் தகவல் பொதியைக் கொடுக்கவேண்டும். முன்னைய சொந்தக்காரர், கடன் பாக்கி எல்லாம் அதில் இருக்கும். கடன் இருந்தால் அது வண்டியோடுதான் வரும். சேஃப்ரி சேர்ற்றிபிக்கற் இருக்குத்தானே என்பார்கள். அது பிரேக்கையும் சட்டத்தையும் பார்க்கும், நொசிலின் ஆயுளைப் பார்க்காது. பெறாமகன் பொதியை இரண்டுதரம் வாசித்து, கடன் பகுதியில் ஒன்றுமில்லை என்று என்னிடம் காட்டிய பிறகுதான் காசை எண்ணிக் கொடுத்தான்.