பூனைக்காக அழுதவர்கள்



நம்மில் பலர் சிறு வயதில் கண்ட காட்சி ஒன்று உண்டு. விடியற்காலை நேரம். பெரட்டுக்குப் போகுமுன் அம்மா அடுப்பை மூட்டிக்கொண்டிருப்பார். கதவைத் திறந்ததும் காலை உரசிக்கொண்டு உள்ளே வரும் பூனை அன்றைக்கு மட்டும் வராது. தேடிப்போன பிள்ளை லயத்தின் பின்புறம், வாய்க்கால் ஓரத்தில் அதைக் காணும். முதல் நாள் மாலை கருவாட்டுத் தலைக்காகக் கத்திக்கொண்டிருந்த பூனை, இப்போது விறைத்துக் கிடக்கும். பிள்ளை விம்மி விம்மி அழும். "ஏண்டா தம்பி, ஒரு பூனைக்குப் போயா இப்படி அழுவுறே? எந்திரி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று பாட்டி அதட்டுவார். அதட்டிவிட்டு, பழைய கைலித் துணி ஒன்றைத் தேடி எடுத்துவந்து அதைச் சுற்றிக் கொடுப்பவரும் அதே பாட்டிதான்.

இந்த அழுகை சின்னப்பிள்ளைத்தனம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஆனால் அதற்கு மிக நீண்ட வரலாறு இருக்கிறது. அந்தப் பூனை ஏன் அப்படித் திடீரென்று செத்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் வீட்டு வாசலிலிருந்தே, நம் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. இன்று இரண்டையும் பார்ப்போம்.

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு. அங்கே ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் பூமியைத் தோண்டிய ஆய்வாளர்கள், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றைக் கண்டார்கள். அதில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு இருந்தது. அதற்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் தனிக் குழியில் ஒரு பூனை இருந்தது. வயது ஏறக்குறைய எட்டு மாதம். 2004-ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. அதுவரை பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் எகிப்தியர்கள் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். எகிப்தியரின் பூனைகளுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் தெரியாத யாரோ ஒருவர் பக்கத்தில் ஒரு பூனையைப் பத்திரமாகக் கிடத்தியிருக்கிறார்கள்.

பூனை மனிதரிடம் வந்த காரணம் எளியது. மனிதர் பயிர் செய்தார், தானியத்தைச் சேர்த்துவைத்தார். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் அதைப் பிடித்துப் பழக்கவில்லை. தானாக வந்து, பிடித்திருந்ததால் தங்கிவிட்டது. பயிர், எலி, பூனை என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எகிப்துக்கு வருவோம். வீட்டுப் பூனை இயற்கையாக இறந்துவிட்டால் அந்த வீட்டார் அனைவரும் தங்கள் புருவத்தைச் சிரைத்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர் எரோடோட்டஸ் எழுதிவைத்தார். இது கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் செய்தி. அதற்கும் முன்பு, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் அமென்ஹோத்தெப் மன்னனின் மூத்த மகன் துத்மோசு தான் வளர்த்த பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லால் ஒரு பேழை செய்வித்தான். அந்தப் பூனையின் பெயர் தா-மியூ. 'பெண் பூனை' என்பதுதான் அதற்குப் பொருள். அரசகுமாரனாக இருந்தும் அதற்கு மேல் ஒரு பெயரைத் தேட அவனுக்குத் தோன்றவில்லை போலும்! நம் லயங்களிலும் பூனைக்குப் 'பூனை' என்றே பெயர் வைத்து அழைத்த வீடுகள் உண்டல்லவா?

ஆனால் எகிப்தியர் எல்லாரும் பூனையின் அன்பர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில்களில் காணிக்கையாகக் கொடுப்பதற்கென்றே பூனைக்குட்டிகளை வளர்த்துக் கழுத்தை முறித்தார்கள் என்பதை, பதப்படுத்தப்பட்ட உடல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1888-இல் பெனி ஹசன் என்ற ஊருக்கு அருகே அப்படிப்பட்ட உடல்கள் குவியல் குவியலாக அகப்பட்டன. 1890-இல் அவற்றில் சுமார் 19 டன் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எதற்காகத் தெரியுமா? அரைத்து வயலுக்கு உரமாகப் போட! உர மூட்டையைத் தோளில் சுமந்த நமக்கு அந்தக் கணக்கு விளங்கும். இளவரசன் பேழை செய்து பூட்டிவைத்த அதே இனத்தை, பிற்காலம் டன் கணக்கில் ஏலம் போட்டது.

நம் தமிழர் எப்படி? தொல்காப்பியத்தின் மரபியல், காட்டுப்பூனையாகிய வெருகின் இளமைப் பெயர் 'குட்டி' என்று விதித்திருக்கிறது. இன்றும் நாம் 'பூனைக்குட்டி' என்றுதான் சொல்கிறோம். இறந்த விலங்குக்காகக் கல் நட்ட பெருமையும் நமக்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுப்பியது. ஆநிரை கவர்ந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து அங்கேயே காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் உருவத்தையும் அதில் பொறித்தார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. பூனையோ போருக்குப் போவதில்லை, காவல் நிற்பதுமில்லை. அதன் பங்குக்கு நாம் கொடுத்ததெல்லாம், குறுக்கே போனால் சகுனத்தடை என்ற கெட்ட பெயரும், கண்ணை மூடிப் பால் குடிக்கிறது என்ற பழமொழியும்தான். நம் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் இந்த வகையில் நம்மைவிட மேல். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண் நரகம் புகுந்தாள் என்பது நபிமொழியில் வரும் செய்தி. அவர்கள் வீட்டுப் படிகளில் பூனை கூச்சமில்லாமல் படுத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் அசாம் ஜாவா. மலாய் மொழியில் அசாம் ஜாவா என்றால் நம் புளிதான். அங்கிருந்து உள்ளே போனால், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா. அந்தப் பகுதியில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே நம் மக்கள் வாயில் பிறந்த பெயர். ஆனால் அந்தத் தோட்டம் புகழ்பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, மலாயாவில் முதன்முதலாக வாணிகத்துக்கென்று செம்பனையை நட்டது அங்கேதான். அவர் துரை மட்டுமல்லர், எழுத்தாளரும்கூட. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றார்.

அதன்பின் நெடுநாள் வரை நம் பகுதியில் பால்மரமே பெரிது. 1960-களிலிருந்துதான் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நடும் வேலை மும்முரமாயிற்று. பால்மரத்தில் எலிக்குப் பெரிய தீனி இல்லை. செம்பனையிலோ, ஆண்டு முழுவதும் குலை. குலை முழுவதும் கொழுத்த பழம். தங்கிக் குட்டிபோட மட்டை இடுக்கு. எலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பயிர் வந்தது, எலி பெருகியது. லயத்துப் பூனைக்குக் கொண்டாட்டமாயிற்று. சைப்ரஸ் தீவில் நடந்ததே இங்கும் நடந்தது. ஆனால் இங்கே நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் எலி மருந்து.

அந்த மருந்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1933-ஆம் ஆண்டு, கடும் பனிக்காலம். விஸ்கான்சின் மாநிலத்து ஏழை விவசாயி ஒருவர், செத்துப்போன தம் கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், பூஞ்சணம் பூத்த தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 190 மைல் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். மாடுகள் ஏன் இரத்தம் கசிந்து சாகின்றன என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கார்ல் லிங்க் என்ற வேதியியல் அறிஞரும் அவர் மாணவர்களும் ஆறு ஆண்டு உழைத்து, கெட்ட தீவனத்தில் இருந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து செய்த 'வார்ஃபரின்' 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் அதுவே மனிதருக்கு இரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆயிற்று. இன்றும் இதய நோயாளிகள் பலர் அதை விழுங்குகிறார்கள். அளவு ஒன்றுதான் வேறுபாடு.

இந்த வகை மருந்து உடனே கொல்லாது. இரத்தம் உறைய வேண்டிய சக்தியை மெல்ல மெல்ல அழிக்கும். எலி சந்தேகப்படாமல் தின்னட்டும் என்பதற்காகவே அப்படி. மெழுகு கலந்த கட்டிகளை மரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துப் போவார்கள்; தின்றுபோன இடத்தில் சில நாள் கழித்து மறுபடியும் வைப்பார்கள். 1958-இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தோன்றின. அதன்பின் அதைவிட வலிமையான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவை செத்த எலியின் ஈரலிலும் தங்கும். மருந்து தின்ற எலி நடை தளர்ந்துபோகும். தளர்ந்த எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. அப்படிப்பட்ட எலிகளைத் தின்றால் பூனைக்கும் ஆபத்து.

ஆகவே, நேயர்களே, 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று நாம் அழுதோமே, அந்தச் சாவு திடீர்ச் சாவு அன்று. நாலைந்து நாளுக்கு முன்பே அது பூனையின் உடம்புக்குள் புகுந்துவிட்டது. பூனை வலியை மறைக்கும் பிராணி, ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். நாமோ விடியுமுன் வேலைக்குப் போனவர்கள். எப்படிக் கவனித்திருப்போம்? எல்லாப் பூனையும் இப்படித்தான் செத்தது என்று சொல்ல வரவில்லை. பாம்புக் கடி உண்டு, புல்லுக்கு அடித்த மருந்து உண்டு, லாரிச் சக்கரமும் உண்டு.

மருந்தால் பூனைகள் ஊரோடு செத்த வரலாறும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1950-களில் சரவாக்கில் மலேரியாக் கொசுவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். சுவரில் உடம்பை உரசிய பூனை, தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்தபோது நஞ்சையும் சேர்த்து விழுங்கியது. பூனைகள் மடிய, எலிகள் நெல்லில் புகுந்தன. 1960 மார்ச் மாதம் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் விமானம் ஒன்று, கெலாபிட் மேட்டுநிலத்துப் பாரியோவில் இருபதுக்கும் மேற்பட்ட பூனைகளைப் பாராசூட்டில் இறக்கியது! பின்னாளில் இந்தக் கதை ஊதிப் பெருத்து, பதினாலாயிரம் பூனை என்றுகூட எழுதிவிட்டார்கள். இருபது பூனை வானத்திலிருந்து இறங்கியது போதாதா, வியப்பதற்கு?

மலேரியா கொன்ற மனிதர்களை எண்ணினால் டி.டி.டி. அடித்தவர்களைக் குறைகூற மனம் வராது. எலியை விட்டுவைக்கச் சொல்லித் தோட்டத்தாரிடம் கேட்கவும் முடியாது. ஆனால் 1980-களிலிருந்து நம் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்த்தார்கள். கூகைக் குடும்பம் ஒன்று ஆண்டில் நூற்றுக்கணக்கான எலியைத் தின்றுவிடும். நாம் அபசகுனம் என்று ஒதுக்கிய பூனையும் கூகையும்தான் எலி வேலைக்கு வந்து நின்றன என்பது ஒரு வேடிக்கை.

பூனை வைத்திருப்போருக்கு ஒரு சொல். பூனை சோர்ந்து படுத்தால் ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கிலும் மலத்திலும் இரத்தம் கண்டாலோ, புளித்தண்ணீரையும் உப்புத்தண்ணீரையும் வாயில் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். வைட்டமின் கே-யைக் கால்நடை மருத்துவர் காலத்தோடு கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. மருந்துக் கட்டியின் உறை கிடைத்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பாட்டி சுற்றிக் கொடுத்த அந்தக் கைலித் துணி மூட்டையை, லயத்தின் பின்னால் முருங்கை மரத்தடியில் மண்வெட்டியால் குழி பறித்துப் புதைத்தோம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆனாலும் யாரிடமும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு கல்லைக் கொண்டுவந்து மேலே வைத்தான். நாய் தோண்டிவிடும் என்பதற்காகத்தான். பின்னர் லயங்கள் போயின. குடும்பங்கள் அடுக்குமாடிக்கும் தாமான்களுக்கும் சிதறின. முருங்கையும் போயிற்று. அண்ணனும் தங்கையும் இப்போது பேரப்பிள்ளை எடுத்தவர்கள். அந்தப் பக்கம் காரில் போகும்போது இருவரையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்; அந்தக் கல் இருந்த இடத்தை இருவரும் கைநீட்டிக் காட்டுவார்கள்.